விடிய விடியக் கூத்து: முதல் முறை ஊருக்குப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு

சென்னையில் ஏதாவது ஓர் அரங்கத்தில் ஒன்றரை மணி நேரக் கூத்தைப் பார்த்துவிட்டு, "ஊரில் ராத்திரி முழுக்க நடக்கிறதாமே, அதைப் பார்க்க வேண்டும், எப்படிப் போவது?" என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அடுத்த கேள்வியும் உடனே வரும்: "வெளியூர்க்காரர்களை உள்ளே விடுவார்களா?" விடுவார்கள். டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது, யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். ஆனால் ஊர்க் கூத்து என்பது ஊரே சேர்ந்து எடுக்கும் காரியம். வரி போட்டு வசூல் செய்து, காப்புக் கட்டி, கூத்தாடிகளுக்குச் சோறாக்கிப் போட்டு நடத்துகிறார்கள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற மாதிரிப் போனால் எல்லாம் சரியாக வரும். அப்படிப் போய் வருவதற்கு எனக்குத் தெரிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

பெயரில் ஒரு சின்ன விஷயம்

நகரத்தில் எல்லோரும் தெருக்கூத்து என்கிறோம். ஆடுகிறவர்களும் ஊர்க்காரர்களும் பெரும்பாலும் "கூத்து" என்று மட்டுமே சொல்வார்கள். பாரதக் கதையை ஒட்டிக் கோயில் திருவிழாவில் நடப்பதற்குப் "பாரதம்" என்றே பெயர். "எங்க ஊர்ல பாரதம் வெச்சிருக்கோம்" என்றால் கூத்தும் அதில் அடக்கம். தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியும் மர அணிகலன்களுக்குக் கட்டை என்று பெயர். அதை வைத்துக் கட்டைக்கூத்து என்று சொல்கிறவர்களும் உண்டு. எந்தப் பெயர் சரி என்று ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதமே நடந்திருக்கிறது. நீங்கள் கூத்து என்று சொன்னால் யாரோடும் மோதல் வராது.

எப்போது, எங்கே

பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் பாரத காலம். அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்கள். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் இது நடக்கும். எல்லா ஊரிலும் வருஷா வருஷம் நடக்காது. சில ஊர்களில் சில வருஷம் விட்டுத்தான் எடுப்பார்கள். மழை பொய்த்தாலோ ஊருக்குள் மனத்தாங்கல் வந்தாலோ அது இன்னும் தள்ளிப் போகும்.

கண்டுபிடிக்க எளிய வழி, அந்த வட்டாரப் பேருந்து நிலையங்களில் இறங்கிச் சுவரைப் பார்ப்பதுதான். "அக்னி வசந்த விழா" என்றோ "மகாபாரத அக்னி வசந்த விழா" என்றோ மஞ்சள் தாளில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதில் எந்தத் தேதியில் எந்தக் கூத்து, எந்த ஜமா ஆடுகிறது என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ஜமா என்றால் கூத்துக் குழு. இந்தச் சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். "எந்த ஜமா ஆடுது?" என்று கேட்டால் டீக்கடையில் இருக்கிறவர் உங்களைத் திரும்பி ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு விவரமாகப் பேசத் தொடங்குவார். எந்த ஜமாவில் யார் துரியோதனன் கட்டுகிறார், யாருக்குக் குரல் போய்விட்டது என்பதெல்லாம் அந்த ஊர்களில் பொது அறிவு.

கோயில் திருவிழா தவிர இறப்புச் சடங்குகளிலும் கூத்து வைப்பார்கள். காரியத்தன்று இரவு கர்ண மோட்சம் ஆடுவது வழக்கம். அதற்கு அழைப்பு இல்லாமல் போக வேண்டாம். அது துக்க வீடு.

எந்த இரவுக்குப் போவது

பெரிய பாரதம் என்றால் 18, 20 நாள் நடக்கும். பிற்பகலில் பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தின் பாடலைப் பாடி விளக்கம் சொல்வார். கடைசிப் பத்து நாளில் இரவு கூத்து சேர்ந்துகொள்ளும். பகலில் கேட்ட கதை இரவில் எழுந்து நடமாடுகிற ஏற்பாடு இது.

எல்லா நாளும் இருக்க முடியாதவர்கள் ஒரே ஒரு இரவைத் தேர்ந்தெடுப்பதானால் நான் சொல்வது துகிலுரிதல். கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு புரியாவிட்டாலும் நிலைமை புரியும், கூத்தின் முழு வேகமும் அன்றைக்கு இறங்கும். இரண்டாவது கர்ண மோட்சம். அது பாட்டுக்காகப் பார்க்க வேண்டிய கூத்து. கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் விடைபெறும் இடத்தில் கூட்டத்தில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பகாசுரன் வதம் நல்லது. வண்டி நிறையச் சோற்றோடு பீமன் தெருத் தெருவாக வருவான், பிள்ளைகள் பின்னால் ஓடும்.

அர்ச்சுனன் தபசு தனி ரகம். 40, 50 அடி உயரத் தபசு மரத்தை மைதானத்தில் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் படிக்குப் படி பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சை, விபூதி, பூ எல்லாவற்றையும் கீழே போடுவார். பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். அந்த இடத்தில் நாம் ஓரமாக நின்றுகொள்வதுதான் முறை. அந்த எலுமிச்சம்பழம் நமக்கு ஞாபகப் பொருள், அவர்களுக்கு அது வேறு.

கையில் என்ன வேண்டும்

ஒரு பாய் அல்லது தடித்த போர்வை. தரையில்தான் உட்கார வேண்டும். சித்திரையாக இருந்தாலும் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும், சால்வை இல்லாமல் போனால் கஷ்டம். தண்ணீர் பாட்டில், டார்ச், சில்லறை நோட்டுகள். கடைசிப் பேருந்தில் போய் முதல் பேருந்தில் திரும்புவது என்று திட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் திரும்பி வர வழி இல்லாமல் இருப்பதே நல்லது என்பேன். நான் முதல் முறை போனபோது நண்பரின் வண்டியில் போனேன். பன்னிரண்டரை மணிக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றியது, கிளம்பிவிட்டோம். மறுநாள் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "பாஞ்சாலி சபைக்கு வந்ததையே பாக்கலையாப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, எனக்காக வருத்தப்பட்டுக் கேட்டார். அது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் அன்று பிற்பகலே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். கதையையும் ஒரு தரம் படித்துவிடுங்கள். உடன் வருகிறவருக்குச் சத்தமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டி வராது.

இரவு எப்படிப் போகும்

நோட்டீஸில் ஒன்பது மணி என்று போட்டிருக்கும். பத்துக்கு முன்னால் எதுவும் ஆரம்பிக்காது. ஆனாலும் ஒன்பதுக்கே போய்விடுங்கள். வேஷம் போடுவதைப் பார்ப்பது பாதிக் கூத்து.

கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையோ பள்ளிக்கூட வராந்தாவோ கொடுத்திருப்பார்கள். தகரப் பெட்டிகள் திறந்திருக்கும். ஆளுக்கொரு கைக்கண்ணாடி. முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, முத்துவெள்ளையும் செந்தூரமும் அரிதாரமும் குழைத்து அவரவரே பூசிக்கொள்வார்கள். துரியோதனனுக்கு முகம் சிவப்பு. அந்தச் சிவப்பின் மேல் தென்னங்குச்சியால் வெள்ளைப் புள்ளி வைப்பதை ஒரு தடவை நான் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது வயதுக்காரர், பகலில் ஏர் ஓட்டிய கை. புருவத்தின் மேல் வரிசையாக ஒரே இடைவெளியில் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், "ம்" என்றார், குச்சி நகரவில்லை. முகம் முடிந்த பிறகு இடுப்பில் துணியைச் சுற்றிச் சுற்றி அகலமாக்கி, கால் சலங்கை கட்டி, கடைசியாகத்தான் கட்டைகளை ஏற்றினார்கள். அவை கலியாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டியவை. புஜத்தில் ஒன்று, மார்பில் ஒன்று, தலையில் கிரீடம். கயிற்றை இழுத்துக் கட்டும்போது இரண்டு பேர் பின்னால் நின்று முதுகில் முட்டியைக் கொடுத்து இழுக்கிறார்கள். எழுந்து நின்றபோது வராந்தாவே சின்னதாகிவிட்டது.

இதற்குள் வெளியே மேளம் கேட்கும். இதைக் களரி கட்டுதல் என்பார்கள். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், கைத்தாளம். நல்ல ஜமாவாக இருந்தால் முகவீணையும் இருக்கும். முகவீணை என்பது வீணை அல்ல, சின்ன நாகஸ்வரம் போன்ற ஊதல். அதன் கீச்சுக் குரல் ஊரின் கடைசி வீடு வரை போய் "வாங்க" என்று கூப்பிடும். இன்றைக்கு அதை ஊதத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். எங்காவது கேட்டால், நின்று முழுதாகக் கேளுங்கள்.

கடவுள் வாழ்த்து முடிந்ததும் கட்டியங்காரன் வருவான். அவன்தான் உங்களுக்குத் துணை. ராஜாவுக்குக் காவல்காரன், ஊருக்குக் கேலிக்காரன், கதையில் புரியாததைப் பேச்சுத் தமிழில் கேள்வி கேட்டுப் புரிய வைக்கிறவன். முன்வரிசையில் புது முகமாக உட்கார்ந்திருந்தால் உங்களையும் இழுப்பான். "சென்னையிலேர்ந்து வந்திருக்கிறாங்க ராஜா, ஏரி எங்கன்னு கேக்கிறாங்க" என்கிற மாதிரி ஏதாவது சொல்வான். சிரித்துவிடுங்கள், அது வரவேற்பு.

அப்புறம் திரை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு களரிக்கு, அதாவது ஆடும் இடத்துக்கு, வருவார்கள். பின்னால் வேஷம் நிற்கும். முதலில் சலங்கை மட்டும் கேட்கும், துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும், துணியின் விளிம்பைப் பிடித்த விரல்கள் தெரியும். பாட்டு உள்ளிருந்தே வரும்: தன் குலம், தன் பெருமை, தான் யார் என்று. ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பார், மறுபக்கம் எட்டிப் பார்ப்பார், கூட்டம் பொறுமை இழக்கும் வரை முகத்தை முழுதாகக் காட்ட மாட்டார். பிறகு திரையை விலக்குவார்கள். அவர் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே களரியைச் சுற்றி வருவார். முதல் முறை பார்க்கிறவர்கள் "கதை எப்போது தொடங்கும்?" என்று தவிப்பது இந்த இடத்தில்தான். இதுவும் கதைதான். ஒரு ராஜா எப்படி வருவான் என்பதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வந்திருக்கிறார்கள்.

விருத்தம், பாட்டு, வசனம் என்று மாறி மாறிப் போகும். ஆடுகிறவர் ஓர் அடியைப் பாடினால் பின்னால் பெஞ்சில் இருக்கிறவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அதற்குப் பின்பாட்டு என்று பெயர். காதுக்குப் பாட்டு புரியவில்லை என்றால் பின்பாட்டைக் கவனியுங்கள், அதே வரி இரண்டாம் முறை வருவதால் சொல் பிடிபடும்.

பன்னிரண்டு முதல் இரண்டு வரை கொஞ்சம் தொய்வாக இருக்கும். டீ குடியுங்கள், பாயில் சாயுங்கள், ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்வார்கள். பிள்ளைகள் தூங்கிவிடும். நடுவில் ஆட்டத்தை நிறுத்தி, "மேலத்தெரு இன்னார் அன்பளிப்பு ரூபாய் நூறு" என்று மைக்கில் அறிவித்து, வேஷக்காரரின் மார்பில் நோட்டைக் குத்துவார்கள். எரிச்சல் படாதீர்கள். அந்தப் பணத்துக்கும் அந்தப் பெயருக்கும் அந்த வீட்டில் ஒரு வருஷ மதிப்பு உண்டு. மூன்று மணிக்கு மேல் கூத்து மறுபடி எழும். துச்சாதனன் சேலையைத் தொடும் இடம் அப்போதுதான் வரும்.

எதைச் செய்யக் கூடாது

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஜமாக்களில் துகிலுரிதல் அன்று, துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடும் முன் வேஷத்தை விட்டு வெளியே வந்து, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுச் சூடம் காட்டச் சொல்வார். ஊர்ப் பெண்கள் எழுந்து நிற்பார்கள். சிலருக்கு அருள் வரும். ஆடுகிறவருக்கே வருவதும் உண்டு, நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் செல்போனைத் தூக்காதீர்கள். நம் எதிரில் இருப்பவர் அப்போது தன் வசத்தில் இல்லை, அவரிடம் சம்மதம் கேட்க வழியும் இல்லை.

மற்றபடி படம் எடுக்கலாம், ஃபிளாஷ் வேண்டாம். களரிக்குள் செருப்போடு போகாதீர்கள். வேஷம் போடும் இடத்துக்குள் நுழையும் முன் வாசலில் நின்று, "வாத்தியாரே, உக்காந்து பாக்கலாமா?" என்று கேளுங்கள். ஜமாவின் தலைவர்தான் வாத்தியார். இதுவரை எனக்கு ஒருவரும் மறுத்ததில்லை. கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துப் பார்க்க வேண்டாம்; பூசை செய்து எடுத்த பொருள்.

குடித்துவிட்டு வருகிறவர்கள் எந்த ஊரிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். பெண்கள் தனியாகப் போனால் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமே பாயை விரித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தில் யாராவது "எந்த ஊரும்மா?" என்று கேட்டுப் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள்.

கடைசி நாள்: படுகளம்

முடிந்தால் கடைசி இரவுக்குப் போய் மறுநாள் மாலை வரை இருங்கள். பதினெட்டாம் போர் ஆடி விடியும்போது கூத்து களரியை விட்டு வெளியே வந்துவிடும். மைதானத்தில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஒரு பேருந்து நீளத்துக்கு இருக்கும், சில ஊர்களில் இன்னும் பெரிது. வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் வெயிலில் அந்த மண்ணுருவைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். தொடையில் அடி விழுந்ததும், விரிந்த கூந்தலோடு இருந்த திரௌபதிக்குக் கூந்தல் முடிப்பார்கள். சாயங்காலம் தீமிதி.

படுகளத்துத் துரியோதனனைச் செய்வது ஊர்க்காரர்களின் கைவேலை. முந்தின நாளே மண்ணும் தண்ணீரும் கொண்டு வந்து கொட்டி, கால் எது தலை எது என்று கயிறு பிடித்துக் கட்டுவார்கள். புதிதாகப் போகிறவர்கள் கை கொடுக்க ஏற்ற இடம் இதுதான். மண் சுமக்க யாரிடமும் தகுதி கேட்பதில்லை. அதற்கு முன்னால் கோயில் நிர்வாகத்தில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். காப்புக் கட்டிய ஊரில் அந்த நாட்களில் அசைவம், மது கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கும், அதை நீங்களும் கடைப்பிடியுங்கள். அன்பளிப்புத் தருவதானால் கோயிலுக்குத் தனியாக, ஜமாவுக்குத் தனியாகக் கொடுங்கள். இரண்டும் ஒரே பை அல்ல.

கற்றுக்கொள்ள ஆசை வந்தால்

வரும். மூன்று நான்கு கூத்து பார்த்த பிறகு கால் தானாகத் தாளம் போடத் தொடங்கும்.

செய்யாறு பக்கத்தில் புரிசை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம் அங்கே உண்டு. மறைந்த கண்ணப்பத் தம்பிரான் அந்த மரபின் பெரிய வாத்தியார். நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது நவீன நாடகக்காரர்கள் கூத்தை அறிந்துகொள்ளத் தம்பிரான் வழியாகத்தான் வந்தார்கள். புரிசையில் இன்றும் வெளியாட்களுக்குப் பயிற்சி தருகிறார்கள், அவர் நினைவாக நாடக விழாவும் நடத்துகிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் கட்டைக்கூத்துச் சங்கத்தோடு சேர்ந்து 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தினார். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒன்றாகச் சொல்லிக்கொடுத்த இடம். பெண் பிள்ளைகளும் அங்கே துரியோதனன் கட்டக் கற்றார்கள். ஆண்களே பெண் வேஷமும் கட்டிவந்த கலையில் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பதை, ஒரு பெண் கட்டை வேஷத்தோடு கிறுகிறுவென்று களரியைச் சுற்றி வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி முகாம் இல்லாமல் நேராக ஒரு வாத்தியாரிடமும் போகலாம். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், இயன்ற தட்சணை. "எனக்குக் கர்ணன் சொல்லிக்கொடுங்க" என்று கேட்காதீர்கள். அவர் கையில் தாளத்தைத்தான் முதலில் கொடுப்பார். தாளம் பிடித்த பிறகு பின்பாட்டு, பின்பாட்டு நிமிர்ந்த பிறகு அடவு என்கிற ஆட்ட அடிவைப்பு, அப்புறம் திரை பிடிக்கிற வேலை, அதற்கும் அப்புறம்தான் சின்ன வேஷம். ஜமாவில் பிறந்த பிள்ளைகளும் இந்த வழியாகத்தான் வந்தார்கள். குரல்தான் எல்லோருக்கும் சிரமம். மைக் இருந்தாலும் கூத்துப் பாட்டு உச்சத்தில்தான் நிற்கும். முதல் மாதத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும், வாத்தியார் சொல்கிறபடி கேளுங்கள், சொந்த வைத்தியம் வேண்டாம்.

இதற்கெல்லாம் நேரம் பார்த்துப் போக வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் வாத்தியார் ராத்திரி ஒரு ஊர், பகலில் தூக்கம் என்று இருப்பார், பேசக்கூட நேரம் கிடைக்காது. ஆடி கழிந்து, ஊர்க் கணக்கெல்லாம் முடிந்து, தகரப் பெட்டியைத் திறந்து கட்டைகளுக்குப் புதுக் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில் போங்கள். பசையும் கத்தரிக்கோலும் பக்கத்திலேயே இருக்கும். ஒரு கட்டையை உங்கள் மடியில் வைத்து, "இதை ஒட்டுங்க" என்பார்.